ரைமிங் சொற்களைப் பொருளோடு சொல்லித்தருவது எப்படி: காதில் தொடங்கி நோட்டில் முடிக்கும் வழி

"டிக்கெட் என்ற சொல்லுக்கு மூன்று ரைமிங் சொற்களைப் பொருளோடு எழுதிவரவும்." மூன்றாம் வகுப்பு ஆங்கில நோட்டில் இப்படி ஒரு வீட்டுப்பாடம் இருக்கும். ரைமிங் என்றால் முடிவில் ஒலி ஒத்துவரும் சொற்கள். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் என் வீட்டு முன்னறைக்கு மாலை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கெட், பாக்கெட், ஜாக்கெட் என்று மடமடவென எழுதிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்துவிடுவார்கள். மூன்றும் தவறு. விக்கெட்டும் கிரிக்கெட்டும் சரி. ஏன் என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, அருகில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் தெரியாது. எனக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் தெரியவில்லை.

வீட்டில் சொல்லித்தரும் அம்மாவுக்கும் அக்காவுக்கும், புதிதாக டியூஷன் தொடங்குபவருக்கும் இதை எழுதுகிறேன். படிகளை வரிசை மாற்றிச் செய்தால் உழைப்பு இரட்டிப்பாகும். எழுத்துக்கூட்டலை முதலில் எடுத்ததுதான் நான் செய்த பெரிய தவறு.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பஸ் டிக்கெட்டைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி முப்பது சீட்டுகள் செய்துகொள்ளுங்கள். அவற்றைப் போட்டுவைக்க ஒரு துணிப்பை. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று. சொல்லை ஒலித்துக்காட்டும் அகராதி உள்ள கைபேசி. இவ்வளவுதான் செலவு.

நேரம் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் அமைதியான பதினைந்து நிமிடமாக இருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலி மெல்லியது. கண்டெய்னர் லாரி போகும்போதும் பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி அலறும்போதும் முதலில் காணாமல் போவது அதுதான். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியின் வேகத்தையும் குறைத்துவிடுகிறேன்.

அகராதி பிரிட்டிஷ் ஒலிப்பையும் அமெரிக்க ஒலிப்பையும் தனித்தனியாகத் தரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். கைபேசியில் அமெரிக்க எழுத்துப் பாட்டைக் கேட்ட பிள்ளை கடைசி எழுத்தை 'ஸீ' என்று முடிக்கும், பள்ளியில் 'இசட்' என்பார்கள். பாட்டின் ரைம் அந்த இடத்தில் அறுந்துபோகும். நம் பாடநூல்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழியில் போவதால் நானும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே பொருளையும் சொல்கிறேன்; எளிதில் ஊகிக்கக்கூடிய இடங்களில் பொருளை மட்டும் சொல்கிறேன். காரணம், 'பேட்' என்று மட்டும் எழுதினால் அது வௌவாலா, கெட்டது என்பதா என்று உங்களுக்கே தெரியாது. இதே காரணத்தால்தான் பிள்ளையின் நோட்டில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதவிடக் கூடாது. நான் செய்வதை நீங்கள் செய்யாதீர்கள்.

2. எதுகை வேறு, ரைம் வேறு என்று முதலில் பிரித்துக்காட்டுங்கள்

தமிழ் வகுப்பில் பிள்ளை எதுகை படித்திருக்கும். கற்க, நிற்க என்பது எதுகை. முதல் எழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றாக வந்தால் போதும். முதல் எழுத்தில் அகரம் இருக்கிறதா இகரம் இருக்கிறதா என்று எதுகை கேட்பதில்லை.

ஆங்கில ரைம் அதைத்தான் முதலில் கேட்கும். தொப்பி என்னும் ஹேட், அடி என்னும் ஹிட் இரண்டும் ஒரே மெய்யில் முடிகின்றன, ஆனாலும் ரைம் இல்லை. நடு உயிரொலி மாறிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து எழுதும் பிள்ளை மக்கு அல்ல. தமிழ்க் காதோடு கேட்கிறது, அவ்வளவுதான். இது புரிந்த நாளிலிருந்து நான் சிவப்புப் பேனாவைக் குறைத்துக்கொண்டேன்.

நமக்கு நெருக்கமானது இயைபு. அடிகளின் கடைசி ஒத்துவருவது. கானா கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது பெயர் தெரியாமலே தெரியும். "பாட்டில் வரி முடியும் இடத்தைப் பிடி" என்றால் உடனே பிடித்துக்கொள்ளும்.

விதி ஒன்றே: சொல்லில் குரல் அழுத்தி விழும் உயிரொலியிலிருந்து கடைசி வரை ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் நிற்கும் ஒலி மாறியிருக்க வேண்டும். டிக்கெட்டில் அழுத்தம் 'டி'யின் இகரத்தில் விழுகிறது. விக்கெட்டிலும் இகரம். பக்கெட்டில் இகரம் இல்லை. வால் ஒன்றாக இருந்தும் அது வெளியே நிற்பது இதனால்தான்.

அழுத்தத்தைக் கண்டுபிடிக்க, எதிர்மாடியில் நிற்பவரை அழைப்பதுபோல் சொல்லை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். குரல் ஏறும் இடமே அழுத்தம். தமிழில் ஆபீஸும் போலீஸும் அழகாகச் சேரும். ஆங்கிலத்தில் சேராது. போலீஸில் குரல் இரண்டாம் பாதியில் ஏறுகிறது, அதனால் துண்டு என்னும் பீஸ் அதற்கு ரைம். ஆபீஸில் குரல் தொடக்கத்திலேயே ஏறி இறங்கிவிடுகிறது.

3. வாலில் ஒட்டும் உகரத்தை வெட்டுங்கள்

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. பாட்டு, நாக்கு, உப்பு என்று ஓர் உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அதே பழக்கத்தில் பிள்ளை கேட்டு, கப்பு, புக்கு என்று சொல்கிறது. பேச்சில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ரைம் பயிற்சியில் இது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஹேட்டு, ஹிட்டு, ஹாட்டு மூன்றும் 'ட்டு' என்று முடிந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும்.

கண்ணாடியை எடுங்கள். கோப்பை என்னும் கப் என்று சொல்லி, உதடு மூடியதும் அப்படியே நிறுத்தி, மனத்துக்குள் ஒன்று எண்ணச் சொல்லுங்கள். உதடு திறந்தால் உகரம் வந்துவிட்டது என்று பொருள். பூனை என்னும் கேட்டுக்கு நாக்கு மேலண்ணத்தை ஒட்டியபடி நிற்க வேண்டும். இரண்டு நாள் இது விளையாட்டாகவே போகட்டும். இந்தப் படியைச் செய்யாமல் தாண்டிச் சென்ற பிள்ளைகள் எல்லாரும் ஐந்தாம் படியில் சிக்கித் திரும்பி வந்திருக்கிறார்கள்.

4. தெருவில் கிடக்கும் சொற்களிலிருந்து தொடங்குங்கள்

பயிற்சி நூல்கள் பெரும்பாலும் பூனை, எலி, பாய் என்று தொடங்கும். நான் வேனில் தொடங்குகிறேன். பள்ளிக்கூட வேன், மேலே சுற்றும் ஃபேன், வாசலில் நிற்கும் தண்ணீர் கேன், அடுப்பில் இருக்கும் பேன். நான்கும் ஆங்கிலச் சொற்கள், பிள்ளை ஏற்கெனவே வாயில் வைத்திருப்பவை. புதிய ஒலி, புதிய பொருள், புதிய எழுத்து என்று மூன்று சுமையை ஒரே நேரத்தில் ஏற்றாமல், தெரிந்த சொல்லில் ஒலியை மட்டும் கவனிக்கவைக்கலாம்.

பேன் என்றதும் சிரிப்பு வரும். வரட்டும். தலையில் ஊறும் பேனுக்கு ஆங்கிலத்தில் லைஸ், அது ஐஸோடும் அரிசி என்னும் ரைஸோடும் சேரும் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சொல் சாகும்வரை மறக்காது.

இதேபோல் ஒவ்வொரு குடும்பமாகச் சேர்க்கலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், சாப்பாட்டு ப்ளேட், கடையில் கேட்கும் ரேட், பள்ளிக்கு லேட் ஒரு குடும்பம். காசிமேட்டுப் பிள்ளைகளுக்குப் படகு என்னும் போட், ரூபாய் நோட், மேலே போடும் கோட். மழை என்னும் ரெயின், ரயில் என்னும் ட்ரெயின், கழுத்தில் போடும் செயின், சாக்கடை என்னும் ட்ரெயின் இன்னொன்று. இதில் ரயிலும் சாக்கடையும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுவதைப் பாருங்கள். வேறுபாடு முதல் ஒலியில்தான். ரயில் வெடித்துத் தொடங்கும், சாக்கடை மெதுவாகத் தொடங்கும்.

ஒரு நாளைக்கு ஒரு குடும்பம், நான்கு சொல். அதற்குமேல் வேண்டாம். நான் ஒரே நாளில் நாற்பது சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட காலம் உண்டு. மறுநாள் நான்குகூட மிஞ்சவில்லை.

5. தமிழ் எழுத்து ஒன்றாக்கிவிடும் இரட்டைகளைப் பிரியுங்கள்

அதிக நேரம் எடுக்கும் படி இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

பால் பாக்கெட் ஒரு சொல், சட்டைப் பாக்கெட் வேறு சொல். தீபாவளி ராக்கெட் ஒன்று, பூப்பந்து ஆடும் ராக்கெட் இன்னொன்று. தமிழில் எழுதினால் ஒன்றேதான். ஆங்கிலத்தில் அவை இரண்டு குடும்பங்கள். சட்டைப் பாக்கெட், தீபாவளி ராக்கெட், கழுத்தில் தொங்கும் லாக்கெட், சுவரில் இருக்கும் சாக்கெட் ஒரு பக்கம். இவற்றைச் சொல்லும்போது உதடு சற்றுக் குவியும். பால் பாக்கெட், பூப்பந்து ராக்கெட், ஜாக்கெட், பிராக்கெட் மறுபக்கம். இவற்றுக்கு வாய் பக்கவாட்டில் விரியும். கண்ணாடியில் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பிள்ளைகள் எட்டுச் சீட்டுகளையும் தரையில் இரண்டு வரிசையாகப் பிரித்து வைப்பார்கள். சண்டை வந்தால் அகராதியைக் கேளுங்கள், நீங்கள் நீதிபதி ஆகாதீர்கள்.

அடுத்து, பூனையும் ரயில்வே கேட்டும். பூனைக்கு வாய் நன்றாகத் திறந்து உயிரொலி குறுகி நிற்கும். இரண்டு விரல் நுழையும் அளவு தாடை இறங்கட்டும். வாசல் கேட்டில் ஒலி 'எ'யில் தொடங்கி 'இ'யை நோக்கி நகரும். பூனைக்கு ரைம் எலி என்னும் ரேட், பாய் என்னும் மேட். வாசல் கேட்டுக்கு ரைம் தாமதம், தட்டு, எட்டு, காத்திரு ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்கள். வாணலி என்னும் பேனும் எழுதும் பேனாவுக்கான பென்னும் சேராததற்கும் தாடைதான் காரணம். வாணலிக்கு அது கீழே இறங்கும், பேனாவுக்கு அவ்வளவு இறங்காது.

மூன்றாவது, கடைசி மெய்யைச் சொல்லும்போது தொண்டையில் வரும் அதிர்வு. தமிழ் எழுத்து வல்லினத்துக்கு ஓர் உருவம்தான் தருகிறது. அதனால் தொப்பி என்னும் கேப்பும் வாடகைக் கார் என்னும் கேபும் பிள்ளைக்கு ஒன்றாகப் படும். முதுகும் பையும் இரண்டுமே 'பேக்'தான். அதிர்வுள்ள மெய் முடிவில் வந்தால் முந்தைய உயிரொலி சற்று நீளும். வாடகைக் கார் நீளம், தொப்பி குட்டை. பை நீளம், முதுகு குட்டை. கையைத் தொண்டையில் வைத்துக் கேட்பதைவிட, நீளத்தைக் கவனிப்பது சிறு பிள்ளைகளுக்கு எளிது என்பது என் அனுபவம்.

ஆனால் விலைக்கும் பரிசுக்கும் தொண்டையே உதவும். இரண்டையும் நாம் 'பிரைஸ்' என்கிறோம். மீனின் விலையைச் சொல்லும்போது முடிவில் பாம்பு சீறும், கேரம் போட்டியின் பரிசைச் சொல்லும்போது தேனீ ரீங்கரிக்கும். விலையோடு சேர்வது ஐஸ், அரிசி, எலிகள், இருமுறை ஆகியவற்றின் சொற்கள். பரிசோடு சேர்வது கண்கள், எழு, ஞானமுள்ள, பறக்கிறது ஆகியவற்றின் சொற்கள். ஐஸும் கண்கள் என்னும் ஐஸும் நம் வாயில் ஒன்றே என்பதால், இந்த இரண்டு குடும்பமும் கலந்துவிடாமல் ஒரு வாரம் விட்டுச் சொல்லித்தாருங்கள்.

6. பொருளைச் சொல்லோடு கட்டுங்கள், பட்டியலாகக் கொடுக்காதீர்கள்

சீட்டின் ஒரு பக்கம் படமோ தமிழ்ப் பொருளோ இருக்கட்டும். மறுபக்கம் இப்போதைக்கு வெறுமையாக இருக்கட்டும். பிள்ளை படத்தைப் பார்த்து ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும், பிறகு அதை ஒரு சின்னத் தொடரில் வைக்க வேண்டும். 'தண்ணீர் கேன்' என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் போதும். பொருளைத் தனியாக மனப்பாடம் செய்த பிள்ளை, 'என்னால் முடியும்' என்ற தொடரிலும் அதே கேன் வரும்போது தடுமாறும். விசிறிக்கும் ரசிகருக்கும் ஃபேன் ஒன்றுதான். முதல் வாரம் ஒரு சீட்டுக்கு ஒரு பொருள் போதும். இரண்டாவது பொருள் எதிரே வந்தால் புதிய சீட்டு எழுதுங்கள்.

தெருச் சொற்களில் பொருள் சற்று நகர்ந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள். நாம் 'ரேட்' என்று கேட்பது பெரும்பாலும் விலை. பாடநூலில் அந்தச் சொல் வீதம், வேகம் என்ற பொருளில் வரலாம்.

பொருளை ஏன் எழுத்துக்கு முன்னால் வைக்கிறேன் என்று கேட்கலாம். சில சொற்களில் பொருள் தெரிந்தால்தான் ஒலியே தெரியும். ஒரே எழுத்துக்கூட்டலுக்கு, கண்ணீர் என்றால் டியர், கிழி என்றால் டேர். கண்ணீருக்கு ரைம் காதும் அருகிலும், கிழிப்பதற்கு ரைம் கரடியும் நாற்காலியும். ஈயம் என்றால் லெட், படுக்கையோடு சேரும். வழிநடத்து என்றால் லீட், உணவூட்டு என்பதோடு சேரும். வில்லைக் குறிக்கும்போது 'போ' என்று ஒலித்துப் போவதைக் குறிக்கும் கோவோடு சேரும் சொல், வணங்கு என்னும்போது 'பௌ' என்று மாறிப் பசுவோடு சேரும். பெரிய பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் கண் விரியும். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம், குழம்புவார்கள்.

7. இப்போது எழுத்து

காது தயாரான பிறகே சீட்டின் வெற்றுப் பக்கத்தில் ஆங்கில எழுத்தை எழுதவேண்டும். எழுத்தை முதலில் காட்டினால் பிள்ளை கண்ணால் ரைம் தேடும், ஆங்கிலத்தில் கண் ஏமாற்றும்.

ஏமாற்று இரண்டு வகை. முதல் வகையில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. இரண்டு ஓ எழுதி ஒரே மெய்யில் முடிக்கும் சொற்களைப் பாருங்கள். நல்லது என்னும் குட், உணவு என்னும் ஃபூட், இரத்தம் என்னும் ப்ளட். மூன்றும் ஒன்றோடொன்று சேராது. நல்லதோடு மரக்கட்டை சேரும். உணவோடு மனநிலை சேரும். இரத்தத்தோடு வெள்ளமும் சேறும் சேரும். மழைக்காலத்தில் வியாசர்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிக் குடும்பத்தை விளக்க வேண்டியதில்லை. வா என்னும் கம், வீடு என்னும் ஹோம்; அன்பு என்னும் லவ், நகர்ந்து செல் என்னும் மூவ்; வை என்னும் புட், ஆனால் என்னும் பட்: எல்லாம் இதே கதைதான். கடைசி நான்கு எழுத்தும் ஒன்றாக இருந்தும், இருமல் என்னும் காஃப், கரடுமுரடு என்னும் ரஃப், மரக்கிளை என்னும் பௌ, 'ஊடாக' என்னும் த்ரூ ஆகியவற்றுக்கு ஒலி நான்கு விதம்.

இரண்டாவது வகையில் ஒலி ஒன்று, எழுத்து வேறு. நாற்காலி, கரடி, அக்கறை, அங்கே, அவர்களுடைய: வால் ஒலி ஒன்றுதான், எழுத்துக்கூட்டல் ஐந்து விதம். நீலம், காலணி, இரண்டு, நீ, 'ஊடாக' ஆகியவையும் அப்படித்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எழுத்துக்கூட்டல் மாறும்போது புதிய வரிசை தொடங்கச் சொல்லுங்கள். பக்கம் ஒன்று என்பது ஒலிக்கு, வரிசை என்பது எழுத்துக்கு. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு என் பிள்ளைகளின் எழுத்துப் பிழையும் குறைந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒருமுறை ஒரு பயிற்சி நூலில் உணவையும் இரத்தத்தையும் ரைம் என்று அச்சிட்டிருந்தார்கள். "மிஸ், சொல்லிப் பார்த்தால் வரவில்லையே" என்றாள் ஒன்பது வயதுக்காரி. அகராதியை ஒலிக்கவிட்டோம். அவள் சொன்னதே சரி.

8. வீட்டுப்பாடத்துக்கு ஐந்து சொல் தேடும் முறை

வாலை மட்டும் எழுதி, அதன் முன்னால் ஆங்கில மெய்யெழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு என்னும் லைட்டை எடுத்தால், கடி, சண்டை, காத்தாடி, இரவு, வலது, பார்வை, இறுக்கம், வெள்ளை என்று வரிசையாகக் கிடைக்கும். பிறகு கூட்டொலிகள்: பிரகாசமான, விமானப் பயணம். சும்மா யோசித்துக்கொண்டு பேனாவைக் கடிப்பதைவிட இது வேகமானது, சொற்கள் எளிதில் விட்டுப்போகாது.

இதில் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, வரிசையாக வைக்கும்போது இல்லாத சொற்களும் பிறக்கும். பொருள் சொல்ல முடியாத எதையும் அகராதியில் பார்க்காமல் எழுதக் கூடாது. இரண்டு, காத்தாடியும் உயரமும் விளக்கோடு சேர்ந்தாலும் அவற்றின் எழுத்து வேறு. ஏழாம் படி இங்கே உதவும். மூன்று, சூரியனும் மகனும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. ஒன்றுக்கு மற்றொன்றை ரைமாக எழுதக் கூடாது, முன்னொலி மாறவே இல்லையே. இரண்டுக்கும் ஓடு என்னும் ரன் ரைமாக வரும். ஆங்கிலத்தில் நைட் என்றே ஒலிக்கும் இரவும் குதிரைவீரனும் அதே வகை.

மாதம் என்னும் மந்த்துக்கும் ஆரஞ்சுக்கும் வழக்கில் உள்ள ரைமிங் சொல் இல்லை. வீட்டுப்பாடத்தில் அவை வந்தால் பிள்ளையை அரைமணி நேரம் வதைக்காமல், ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

9. திரும்பக் கேட்கும் ஒழுங்கு

மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று அதே சீட்டுகளைப் பையிலிருந்து எடுக்கவிடுங்கள். கையில் வந்த படத்துக்குச் சொல், ஒரு தொடர், ஒரு ரைம், பிறகு எழுத்து என்று இதே வரிசையில் கேளுங்கள். எழுத்தில் மட்டும் தவறினால் சீட்டைத் திரும்பப் பையில் போடலாம். ரைமில் தவறினால் எழுத்தைத் திருத்திப் பயனில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு மூன்றாம் படிக்குப் போங்கள், பெரும்பாலும் வாலில் அந்த உகரம் மறுபடி ஒட்டியிருக்கும்.